படைத்துறையும் மக்களாட்சியும்: சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசியல் வாழ்வு

திருவள்ளுவர் படைக்கென இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அவ்விரண்டும் பொருட்பாலில் உள்ளன. வாய்மை என்னும் அதிகாரமோ அறத்துப்பாலில் உள்ளது. படைத்துறையிற் பயின்ற ஒருவன் நாடாளும் பொறுப்பை ஏற்குமிடத்து, முன்னைய இரண்டு அதிகாரங்களால் மாத்திரம் அவனை அளத்தல் போதாது. பின்னையதன் துலாக்கோலிலும் வைத்து நிறுத்தல் வேண்டும். படையிலே தலைவன் சொல்லுவது கட்டளை. சொன்ன அளவிலே அது நடக்கும். மக்களாட்சியிலே தலைவன் சொல்லுவது வாக்குறுதி; அதனை நடத்துதற்குப் பிறரைத் தெளிவித்து இணங்கச் செய்யும் நெடிய உழைப்பு வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தாரும் உணராதாரும் என இருதிறத்தாரையும் இருபதாம் நூற்றாண்டின் ஆசிய வரலாறு காட்டுகின்றது.

எகிப்தில் நாசர், பாக்கிஸ்தானில் அயூப் கான், பர்மாவில் நே வின் எனப் படையிலிருந்து ஆட்சிப்பீடம் ஏறியோர் பலர். அவருட் பெரும்பாலார் படைவலி துணையாகவே பீடம் ஏறினர். இலங்கையிலும் ஒரு கேணல் பிரதம மந்திரியானார். ஆயின் அவர் பாராளுமன்ற வழியால் அப்பதவியை அடைந்து, மக்கள் வாக்கினால் அதனை இழந்து, அமைதியாக வெளியேறினார். அவரே சேர் ஜோன் கொத்தலாவலை. அவர் ஆட்சி இரண்டரை ஆண்டே நிலவியது. எனினும் அவர் கொடுத்த வாக்கொன்றும், அது காவாதொழிந்த விதமும் வடக்கு கிழக்குத் தமிழரின் வரலாற்றில் ஆழப் பதிந்துள்ளன. ஆதலின் அவர் வாழ்வை ஆராய்தல், ஒருவர் வரலாற்றை அறிதல் மாத்திரம் அன்று. ஒரு நாடு தன் வழியைத் தெரிந்துகொண்ட வரலாற்றை அறிதலுமாகும்.

குடியும் இளமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே செல்வம் மிக்க சிங்களக் குடும்பமொன்றில் ஜோன் லயனல் கொத்தலாவலை பிறந்தார். தாய் ஆலிஸ், காரீயச் சுரங்கத் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டிய அத்திகல குடும்பத்தவர். தந்தை இளமையிலேயே மறைந்தமையால், குடும்பத்தையும் சொத்தையும் பேணிக் காக்கும் பொறுப்பு தாயின்மீது விழுந்தது. ஆலிஸின் சகோதரியை மணந்தவர் எப். ஆர். சேனாநாயக்க. அவருடைய தம்பியே சுதந்திர இலங்கையின் முதற் பிரதம மந்திரி டி. எஸ். சேனாநாயக்க. இவ்வுறவுமுறை பின்னர் நாட்டின் ஆட்சிமுறையோடு பிணைந்து நின்றது.

கொத்தலாவலை கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்ற காலத்தில், 1915 ஆம் ஆண்டுக் கலவரம் நிகழ்ந்தது. சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட அக்கலவரத்தை அடக்குதற்கு ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. சேனாநாயக்க சகோதரர் சிறை வைக்கப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, அவ்வாண்டு யூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். குடிமக்களை ஆளும் பொறுப்பைப் படை ஏற்பின் நிகழ்வது யாது என்பதை அத்தலைமுறையினர் இளமையிலேயே கண்ணாரக் கண்டனர்.

பின்னர்க் கொத்தலாவலை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற்ஸ் கல்லூரியில் விவசாயம் பயின்று மீண்டார். 1922 ஆம் ஆண்டில் இலங்கை இலகு காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து கேணல் பதவியை எய்தினார். இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்படை தொண்டர் படை. அதன் அதிகாரிகள் தோட்டத்தையும் தொழிலையும் நடத்திக்கொண்டே பயிற்சிக்கும் பாசறைக்கும் செல்வர். மீண்டு வந்து தத்தம் தொழிலைப் பார்ப்பர். படையன்றி வேறுலகம் அறியாத தொழில்முறைப் போர்வீரரல்லர் அவர். ஒரு காலைப் பாசறையிலும் மறுகாலை ஊரிலும் ஊன்றி நின்றமையே கொத்தலாவலையைப் பிறநாட்டுப் படைத்தலைவரினின்றும் பிரித்துக் காட்டும் முதல் வேறுபாடாகும்.

மந்திரிப் பதவியும் ஆக்கப்பணியும்

டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கிய 1931 ஆம் ஆண்டிலேயே கொத்தலாவலை குருநாகல் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1936 இல் இரண்டாம் அரசாங்க சபை கூடியபோது போக்குவரத்து, வேலைகள் மந்திரியானார். சுதந்திரத்துக்கு முற்பட்ட 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கஸ்லந்த தொகுதியில் வென்று, டி. எஸ். சேனாநாயக்கவின் மந்திரிசபையிலும் அத்துறையையே ஏற்றார்.

அவர் ஆற்றலுக்கு ஏற்ற துறை இதுவே எனலாம். வீதியும் பாலமும் அமைத்தல், மின்சாரம் ஆக்குதல், வானூர்தி விடுத்தல் என்பனவெல்லாம் கட்டளையிட்டுக் காரியம் முடிக்கும் இயல்பினர்க்குத் தக்க பணிகள். பொறியியலாளர் விமலசுரேந்திர நெடுங்காலம் கனவுகண்ட லக்சபான நீர்மின் நிலையம் 1950 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. இவ்விரண்டும் அவர் துறையின் கீழ் நிகழ்ந்தவை.

1952 மார்ச்சு மாதத்தில் டி. எஸ். சேனாநாயக்க காலிமுகத்திடலிற் குதிரையிலிருந்து வீழ்ந்து மறைந்தார். மந்திரிகளுள் மூத்தவராகிய தமக்கே அடுத்த இடம் உரியதெனக் கொத்தலாவலை எதிர்பார்த்தார். மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபுவோ, மறைந்தவரின் மைந்தர் டட்லி சேனாநாயக்கவை அழைத்தார். கொத்தலாவலையின் மனக்கசப்பு யாவரும் அறிந்ததே. அயல்நாடுகள் சிலவற்றில் இத்தகைய கசப்பு படைமுகாமிற் சென்று முடிந்தது. இங்கு அது மந்திரிசபைக்குள்ளேயே அடங்கியது.

பிரதம மந்திரி

அடுத்த ஆண்டிலேயே காலம் மாறியது. அரசாங்கம் மானியத்தைக் குறைத்தமையால், கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டரிசி 70 சதமாக உயர்ந்தது. 1953 ஆகத்து 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தால் நடத்தினர். துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. உடல்நலமும் உளநலமும் குன்றிய டட்லி பதவி துறக்க, ஒக்தோபர் 12 ஆம் நாள் கொத்தலாவலை பிரதம மந்திரியானார். அரிசி விலையை 55 சதமாகக் குறைத்தமை அவர் ஆட்சியின் முதற் செயல்களுள் ஒன்று.

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி பிரதம மந்திரியே பாதுகாப்புக்கும் வெளிநாட்டு விவகாரத்துக்கும் பொறுப்பானவர். ஆதலின் முன்னாட் கேணல் நாட்டின் முழுப்படைக்கும் மந்திரியானார். 1949 ஆம் ஆண்டிற் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கைப் படைக்கு அதுவரை ஆங்கிலேயரே தளபதிகளாயிருந்தனர். 1955 பெப்ருவரியில் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். பிற்காலத்தில் அப்படையில் தமிழர் தொகை அருகிப்போன நிலையை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். அந்நாளில் பதவி தகுதியைப் பின்பற்றியது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1954 சனவரியில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பற்றி நேருவோடு அவர் ஓர் உடன்படிக்கை செய்தார். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோரின் துயரை அது தீர்க்கவில்லை. இரு நாடும் ஒப்பந்தத்துக்கு வெவ்வேறு பொருள் கொண்டமையால், நாடற்றோர் நாடற்றோராகவே நின்றனர். பத்தாண்டின்பின், 1964 இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது.

உலக அரங்கில்

1954 ஏப்பிரல் இறுதியில் இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இந்தோனீசியா ஆகிய நாடுகளின் பிரதம மந்திரிகளைக் கொத்தலாவலை கொழும்புக்கு அழைத்தார். இந்தோசீனப் போரை முடித்தல் பற்றி நேருவும், ஊ நூவும், முகம்மது அலி போக்ராவும், அலி சாஸ்திரோஅமிஜோஜோவும் அங்குக் கூடி ஆராய்ந்தனர். மறுவருடம் 29 நாடுகள் பங்குபற்றிய பாண்டுங் மகாநாட்டுக்கு வித்தூன்றிய கூட்டம் அதுவே.

பாண்டுங்கில் கொத்தலாவலை ஆற்றிய உரை பெருஞ் சலசலப்பை விளைத்தது. மேலைநாட்டுக் குடியேற்றவாதத்தை மாத்திரம் கண்டித்தல் போதாது, கிழக்கு ஐரோப்பிய நாடுகளின்மீது சோவியத்து நாடு செலுத்தும் மேலாண்மையும் குடியேற்றவாதமே என்று அவர் கூறினார். நேரு சினந்து, உரையை முன்னரே தமக்குக் காட்டாததேன் என்று வினவினார். உங்கள் உரையை எனக்குக் காட்டுகின்றீர்களோ எனக் கொத்தலாவலை எதிர்வினா விடுத்தார். அவர் இயல்பை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும். நெஞ்சிற் பட்டதைத் தயங்காது உரைக்கும் துணிவு அவரிடம் நிரம்ப இருந்தது. உரைப்பதற்கு முன்னர்த் துணைவரைத் திரட்டும் பொறுமை இல்லை. அத்துணிவு உலக அரங்கிற் புகழ் தந்தது. பொறுமையின்மை உள்நாட்டிற் கேடு விளைத்தது.

கொக்குவிலிற் கொடுத்த வாக்கு

அரச கருமமொழி பற்றிய வினா புதிதன்று. 1944 மே மாதத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அரசாங்க சபையிற் கொணர்ந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டுமெனத் திருத்தம் கொணர்ந்தவர் திருகோணமலை - மட்டக்களப்புப் பிரதிநிதி திரு. வ. நல்லையா. பின்னர்க் கல்குடாத் தொகுதியின் முதற் பாராளுமன்ற உறுப்பினரானவரும் இவரே. அவர் திருத்தத்தைப் பிரேரித்தவரும் ஏற்க, சபை 29 வாக்குக்கு 8 வாக்காக அதனை நிறைவேற்றியது. இருமொழிக்கும் ஒத்த இடம் என்னும் கோட்பாடு, இவ்வாறு மட்டக்களப்பு வாவிக்கரை மக்களின் பிரதிநிதி ஒருவரின் முயற்சியாற் சபையேறியது.

பத்தாண்டு கழிந்து, 1954 இல், பிரதம மந்திரி கொத்தலாவலை யாழ்ப்பாணம் சென்றார். கொக்குவில் இந்துக் கல்லூரியில் அவருக்கு வரவேற்பு நிகழ்ந்தது. கல்லூரி அதிபர் ஹன்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாண இளைஞர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இனபேதம் பாராட்டாத தேசியவாதி. இருமொழிகளுக்கும் சமநிலை அளிப்பதாக உறுதி கூறவேண்டுமென அவர் கேட்டார். அரசியலமைப்பைத் திருத்தி அதனை வழங்குவதாகக் கொத்தலாவலை வாக்களித்தார். மண்டபம் மகிழ்ந்தது.

தெற்கிலோ எதிர்ப்பு எழுந்தது. பௌத்த குருமாரும், சிங்கள ஆசிரியரும், நாட்டு வைத்தியரும் பிரதம மந்திரியைக் கண்டித்தனர். நிலைமை இவ்வளவு முறுகியதற்குக் காரணம் உண்டு. அரசகருமம் அனைத்தும் ஆங்கிலத்தில் நடந்தமையால், சுயமொழி மாத்திரம் கற்ற சிங்கள இளைஞர்க்கு உத்தியோக வாயில் அடைபட்டிருந்தது. அவர் குறை மெய்யான குறையே. அதே குறை தமிழ் மாத்திரம் கற்ற இளைஞர்க்கும் உண்டு என்பதையும், பூட்டிய கதவு ஆங்கிலமேயன்றித் தமிழன்று என்பதையும் எடுத்துரைத்து, அவரைத் தெளிவித்தற்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தது. கொக்குவிலிற் சொன்ன சொல்லைக் குருநாகலிலும் சொல்லி, அதன் நியாயத்தை விளக்கியிருப்பின், அவர் தோற்றிருக்கலாம், சொல் தோற்றிராது. அவரோ அப்பணியை மேற்கொள்ளவில்லை. கட்டளை இட்டுப் பழகியவர்க்குச் சொன்ன அளவிலே காரியம் முடிந்ததாகத் தோன்றும். வாக்குறுதியோ சொன்ன இடத்திலேதான் தொடங்குகின்றது.

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் சிறீலங்கா சுதந்திரக் கட்சி, 1951 இல் தோன்றியபோது இருமொழிக் கொள்கையை உடையது. 1955 இறுதியில் அக்கட்சி சிங்களம் மாத்திரம் என்னும் கொள்கைக்கு மாறியது. 1956 பெப்ருவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மகாநாடும் அதே கொள்கையை மேற்கொண்டது. கட்சித் தலைவர் கொத்தலாவலையே. கொக்குவில் வாக்கு இரண்டாண்டும் நிறையாமுன் களனியிற் கைவிடப்பட்டது. கட்சியிலிருந்த தமிழர் விலகினர். பாராளுமன்றத்தின் ஆயுள் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தும், அது கலைக்கப்பட்டது.

மக்கள் தீர்ப்பு

1956 ஏப்பிரல் தேர்தலில் 95 தொகுதிகளுள் பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களை வென்றது. 1952 இல் 54 இடங்கள் பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. எந்தக் களனியிற் கட்சி தன் கொள்கையை மாற்றியதோ, அந்தக் களனித் தொகுதியிலேயே ஜே. ஆர். ஜெயவர்த்தன தோற்றார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி 10 இடங்களைப் பெற்றது. மட்டக்களப்புத் தொகுதியில் செ. இராசதுரை வென்றார். வாக்கை மாற்றியதனால் தமிழரை இழந்த கட்சி, அதனாற் சிங்களரையும் பெறவில்லை. பிறர் கொள்கையைப் பிந்திக் கைக்கொண்டவரை மக்கள் நம்பவில்லை.

ஆயினும் கொத்தலாவலையின் பெருமைக்குரிய செயலும் அத்தேர்தலின் பின்னரே நிகழ்ந்தது. பாதுகாப்பு மந்திரி அவர். படையதிகாரிகளுள் அவரோடு பழகியோர் பலர். இருந்தும் மக்கள் தீர்ப்பை எவ்வித மறுப்புமின்றி ஏற்று, பதவியைப் பண்டாரநாயக்கவிடம் ஒப்படைத்தார். ஆட்சி ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு வாக்குச்சீட்டால் மாறியது சுதந்திர இலங்கையில் அதுவே முதன்முறை. முதன்முறை நிகழ்வது எவ்வாறோ, அவ்வாறே பின்னர் மரபாகும். அம்மரபைப் பழுதின்றித் தொடக்கி வைத்தவர் ஒரு பழைய படைவீரர்.

மட்டக்களப்புப் பிரதேசமோ அத்தேர்தலின் விளைவை விரைவிலே கண்டது. யூன் 5 ஆம் நாள் தனிச்சிங்கள மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சில நாட்களுள் அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த கல்லோயாக் குடியேற்றத்திற் கலவரம் மூண்டு, தமிழர் பலர் உயிரிழந்தனர். ஆண்டாண்டாக ஆங்கிலத்திற் கருமமாற்றிய தமிழ் எழுதுவினைஞர்கள், சிங்களத் தேர்ச்சி பெறாவிடிற் பதவியுயர்வு இல்லையென்னும் நிலைக்கு ஆளாயினர்.

பாக்கிஸ்தான் சென்ற வழி

இவ்வரலாற்றைப் பாக்கிஸ்தான் வரலாற்றோடு ஒப்புநோக்கின் வியத்தகு செய்தி ஒன்று புலப்படும். அங்கும் மொழிப்பிரச்சினை எழுந்தது. உருது மாத்திரம் அரசமொழி என்பதை எதிர்த்த வங்காள மாணவர்மீது 1952 பெப்ருவரி 21 ஆம் நாள் டாக்காவிற் பொலிசார் சுட்டனர். அவர் சிந்திய இரத்தம் வீண்போகவில்லை. 1956 மார்ச்சு 23 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாக்கிஸ்தான் அரசியலமைப்பு, உருதுவையும் வங்காளத்தையும் அரசமொழிகளாக ஏற்றது. பாக்கிஸ்தான் இருமொழியை ஏற்ற அதே ஆண்டிலே இலங்கை ஒருமொழியை ஏற்றது.

ஆனால் ஆட்சிமுறையில் இரு நாடும் எதிர்த்திசையிற் சென்றன. அயூப் கான் சாந்தேர்ஸ்ற் படைக்கல்லூரியிற் பயின்ற தொழில்முறைப் போர்வீரர். 1951 இல் பாக்கிஸ்தான் படையின் முதற் சுதேசத் தலைமைத் தளபதியானார். 1954 ஒக்தோபரில், தளபதிப் பதவியை விடாமலே பாதுகாப்பு மந்திரியாகவும் சேர்க்கப்பட்டார். இலங்கையில் படையை விட்டு வந்தவர் வாக்குப் பெற்று மந்திரியானார். பாக்கிஸ்தானிற் படையை நடத்திக்கொண்டிருந்தவரே வாக்குப் பெறாது மந்திரியானார். வேலி எது, பயிர் எது என்னும் வேறுபாடு அங்கு அன்றே மறைந்தது. 1958 ஒக்தோபர் 7 ஆம் நாள் சனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அரசியலமைப்பை நீக்கி இராணுவச் சட்டத்தைக் கொணர்ந்தார். அவரும் முன்னாட் படையதிகாரியே. அம்மாத இறுதிக்குள் அவரை அகற்றி அயூப் கான் சனாதிபதியானார். 80,000 அடிப்படைச் சனநாயக உறுப்பினர் மூலம் தேர்தல் நடத்தும் முறையொன்றை வகுத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆண்டார். மக்கள் கிளர்ச்சியால் 1969 மார்ச்சு 25 ஆம் நாள் விலகியபோதும், ஆட்சியைச் சபையிடம் அளிக்காது மற்றொரு தளபதியாகிய யாகியா கானிடமே அளித்தார்.

முடிவு யாது? மொழிச் சமத்துவத்தைப் பெற்றும் வாக்கின் வலிமையை இழந்த கிழக்குப் பாக்கிஸ்தான், 1970 தேர்தலில் தான் பெற்ற பெரும்பான்மை மதிக்கப்படாமையால் 1971 இல் வங்காளதேசமாகப் பிரிந்தது. இலங்கையில் 1962 சனவரியிற் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் செய்த சூழ்ச்சி நிறைவேறுமுன்னரே வெளிப்பட்டது, வாக்குரிமை நிலைத்தது. மொழிச் சமத்துவம் நிலைக்காமையால், நாடு நெடும்போரில் ஆழ்ந்தது. மொழியைக் கொடுத்து வாக்கைப் பறித்தது ஒரு நாடு; வாக்கைக் கொடுத்து மொழியைப் பறித்தது மற்றொரு நாடு. இரண்டும் குருதி சிந்தின. மக்களாட்சிக்கு இரு கால் உண்டு. ஒன்று பெரும்பான்மையின் தீர்ப்பு, மற்றொன்று சிறுபான்மைக்கு அளித்த உறுதி. ஒன்றை வெட்டி மற்றதன்மீது நிற்க முயன்ற நாடு எதுவும் நெடுநாள் நின்றதில்லை.

இறுதிக் காலம்

தொடங்கஸ்லந்த உறுப்பினராகச் சிலகாலம் இருந்தபின், கொத்தலாவலை 1960 ஆம் ஆண்டுத் தேர்தலிற் போட்டியிடாது அரசியலினின்றும் விலகினார். ஆங்கிலநாட்டுக் கென்ற் மாகாணத்திலும் கொழும்புக்கு அணித்தான கந்தவளை இல்லத்திலுமாகக் காலங் கழித்தார். 1980 ஒக்தோபர் 2 ஆம் நாள் மறைந்தார். மறைவதற்குச் சற்று முன்னர் ஜெனரல் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. இரத்மலானையை அடுத்த கந்தவளைத் தோட்டத்தைப் படையதிகாரிகளைப் பயிற்றுதற்கென அவர் நாட்டுக்கு அளித்தார். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு நிறுவப்பட்ட கல்விக்கழகம் அவர் பெயரையே தாங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. அரசியலில் அவர் பெற்ற இடம் குறுகியது. படைத்துறைக் கல்வியில் அவர் பெயர் நிலைத்தது.

கொக்குவிலிற் சொன்ன சொல்லுக்கு என்ன நேர்ந்தது? 1987 நவம்பரில், பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என உரைத்தது. அப்போது சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன. 1944 இல் நல்லையாவின் திருத்தத்தை ஏற்றவர் அவரே. 1956 இல் களனியில் தோற்றவரும் அவரே. ஒரு கல்லூரி மண்டபத்தில் வாய்ச்சொல்லாக அளிக்கப்பட்டது சட்டமாதற்கு 33 ஆண்டு சென்றது. அவ்விடைக்காலத்தில் மாண்டோர் மீளார்.

கொத்தலாவலையை அளப்போர் இரு தட்டிலும் நிறை இருக்கக் காண்பர். தோல்வியை ஏற்றமை ஒரு தட்டில். சொல்லைக் காவாமை மறுதட்டில். படைச்செருக்கை வென்றவர் வாய்மையில் தளர்ந்தார். வாளை உறையிலிடுதல் அரிது. அதனை அவர் செய்தார். சொன்ன சொல்லைச் சொன்னவிடத்தில் விட்டுவிடாது நாடெங்கும் சுமந்து செல்லுதல் அதனினும் அரிது. பொதுவாழ்வுக்குத் தம்மை ஆயத்தஞ் செய்யும் மாணவர், அவ்வரிய செயலையே முதற்கண் பயிலுதல் வேண்டும்.